நகத்தின் ஓசையும் கணிப்பொறியும்

காஞ்சிமாநகரின் தென்மேற்கே, பாலாற்றங்கரைக்கு அண்மையில் உள்ளது செவிலிமேடு. விந்தியக் காட்டில் தனித்துவிடப்பட்ட இராமாநுசரை வேடனும் வேட்டுவிச்சியுமாக வந்த இருவர் ஓரிரவில் கச்சியின் எல்லைக்குக் கொணர்ந்து விட்டனர் என்றும், அவர் நீர் முகந்த சாலைக்கிணறு இவ்வூரின்கண்ணதே என்றும் வைணவர் கூறுவர். அக்கிணற்றைக் காணும் விருப்பினால் சென்ற கோடை விடுமுறையில் வகுப்புத் தோழர் மூவர் ஆண்டுப் போயினோம். கிணற்றைக் கண்டு மீளுங்கால் வெயிலுக்கு அஞ்சி ஒரு நெசவாளர் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்தோம். இக்கட்டுரை பிறந்தது அத்திண்ணையிலேதான்.

அவ்வில்லத்துப் பெரியவர் சிறுவராயிருந்த நாள்முதல் தறியில் அமர்ந்தவர். இப்பொழுது கண்ணொளி மங்கிவிட்டமையால் நெய்பவர் அவர்தம் மகனார். நெய்ததைச் சோதிப்பது மட்டும் பெரியவர் கையிலுள்ளது. அவர் சோதிக்கும் முறையை யாம் முன்னர் எங்கும் கண்டதில்லை. துணியின்மேல் குனிந்து நோக்காது, சுட்டுவிரல் நகத்தைப் பட்டின்மேல் நீளவாக்கில் மெல்ல இழுத்தார். தலையை ஒருபுறம் சாய்த்துச் செவி கொடுத்தார். சீராக ஓடிக்கொண்டிருந்த மெல்லோசை ஓரிடத்தில் இடறிற்று. “இங்கே ஊடையிழை ஒன்று விட்டிருக்கிறது, பார்” என்றார் மகனிடம். மகனார் விளக்கைக் கிட்டக் கொணர்ந்து நோக்கி, ஆம் என்று தலையசைத்தார். எம் மூவர் கண்ணுக்கும் அவ்விடம் மற்றையிடம் போலவே தோன்றிற்று.

சிறிது நேரங் கழித்து அவருடைய கைபேசி மணியடித்தது. இழையின் குறையைக் கணப்பொழுதில் கண்ட அதே விரல், அக்கண்ணாடியின்மேல் மேலுங் கீழுமாகத் தடவித் தடவி அலைந்தது. பேரன் வந்து எடுத்துக் கொடுப்பதற்குள் மணி நின்றுவிட்டது. “பட்டிலே என் விரலுக்குத் தப்புவது ஒன்றுமில்லை, தம்பி. இந்தக் கண்ணாடியில் தடவிப் பார்க்க என்ன இருக்கிறது?” என்றார். கைரேகை வைக்கச் சொன்ன ஓரிடத்தில், நூல் தேய்த்துத் தேய்த்து மழுங்கிய அவர் விரலைப் பொறி ஏற்க மறுத்துத் திருப்பியனுப்பியதையும் சொன்னார்.

அவர் வினவியது நகைத்து விடத்தக்க வினாவன்று. கைபேசியின் கண்ணாடி விரலின் வடிவத்தையோ அழுத்தத்தையோ கொண்டு தொடுகையை அறிவதில்லை. அதன்கண் கட்புலனாகாத மின்புலம் ஒன்று பரவி நிற்கின்றது. ஈரப்பசையுள்ள விரல் அணுகுங்கால் அப்புலம் சிறிது மாறுபடும். அம்மாறுபாடு நிகழ்ந்த இடமே தொட்ட இடம். காய்ந்து தடித்த தோல் அம்மாறுபாட்டைக் குறைத்துவிடும். ஆகவே உழைத்த விரலுக்கு அக்கண்ணாடி செவிடாகின்றது; வழுவழுப்பாக இருத்தலின், விரலுக்குத் தானும் ஒன்றுங் கூறாது ஊமையாகின்றது. திரையிலுள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் ஏற்பாடு இந்நாளில் கைபேசிகளில் உண்டென்பது மெய்யே. ஆயினும் எந்த இடத்தைத் தொடுவதென்று விரல் தானே அறிதற்கு அக்கண்ணாடியில் மேடுமில்லை, பள்ளமுமில்லை. இதற்கு மாறாக, சொரசொரப்பான பரப்பொன்றை விரலாலோ நகத்தாலோ கீற, அக்கீறலால் எழும் அதிர்வையே கட்டளையாகக் கொள்ளும் கணிப்பொறி இயலுமா? இயலும் என்று மேனாட்டில் காட்டியுள்ளனர். அதன் இயல்பையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் தொடுவுணர்ச்சியைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை அறிவுவகையால் அடுக்குமிடத்து, ஓரறிவுயிர்க்குரியதாக முன்வைப்பது உற்றறிதலையே. நா, மூக்கு, கண், செவி யாவும் பின்னரே வருகின்றன. புல்லுக்கும் மரத்துக்கும் உரியதென வைத்தமையால் அதனை எளியதொரு புலனென்று எண்ணிவிடலாகாது. விரலை ஒரு துணியின்மேல் அசையாது வைத்துப் பாருங்கள். பருத்தியோ பட்டோ என்பது தெளிவாகாது. சிறிது நகர்த்துங்கள், உடனே தெரிந்துவிடும். டேவிட் கட்ஸ் என்னும் ஜெர்மானிய உளநூலார், நுண்ணிய பரப்பின் இயல்பை நாம் அறிவது அதிர்வினாலேயே என்று 1925-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். ஒரு கோலின் நுனியால் பரப்பை வருடினும் அது கரடா மென்மையா என்று கைக்குத் தெரிகின்றதன்றோ? ஆண்டுத் தோல் பரப்பைத் தீண்டவே இல்லை. கோல்வழி ஏறிவந்த அதிர்வே தீண்டிற்று. நம் தோலினடியில் அதிர்வை ஏற்கும் நுண்ணுறுப்புக்கள் உள்ளன. அவற்றுள் ஒருவகை நொடிக்கு 200 முதல் 300 வரையுள்ள அதிர்வுகளை மிக நன்றாக உணரும். ஸ்வீடன் நாட்டில் 2013-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியொன்றில், மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் 13 பங்கே உயரமுள்ள வரிகளையும் வரியற்ற பரப்பினின்று விரல் வேறு பிரித்தறிந்தது என்று கண்டனர். செவிலிமேட்டுப் பெரியவர் அறிந்தால் வியப்படையமாட்டார்.

இனி, அதிர்வு எத்துணை விரைவாக எழும் என்பதற்குரிய கணக்கு மிக எளிது. நெசவாளர் இல்லத்திலேயே அதற்குரிய கருவி தொங்குகின்றது. பாவிழைகளைச் சீராகப் பிரித்து ஊடையை நெருக்குதற்கு உரிய, சீப்புப்போன்ற அமைப்பினை அச்சு என்பர். அதன் பற்களின்மேல் நகத்தை ஓட்டினால் ஓர் ஓசை எழும். மெல்ல ஓட்டினால் தாழ்ந்தும், விரைந்து ஓட்டினால் உயர்ந்தும் ஒலிக்கும். ஒரே விரைவில் ஓட்டுங்கால், பல் நெருங்கிய அச்சு பல் அகன்ற அச்சினும் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். நகம் ஒரு நொடியில் எத்தனை பல்லைக் கடக்கின்றதோ அத்தனை அதிர்வு, அவ்வளவே கணக்கு. அங்குலத்துக்கு நூறு இழையுள்ள துணியொன்றில் நொடிக்குப் பத்தங்குல விரைவில் நகம் ஓடுகின்றதென்று கொள்வோமாயின், நொடிக்கு 1000 அதிர்வு எழும். தோலுணர்ச்சி ஏறக்குறைய அவ்வெல்லையோடு ஓய்ந்துவிடும்; செவியோ 20,000 வரை கேட்கவல்லது. பெரியவர் விரலை இழுத்ததோடு அமையாது தலையைச் சாய்த்தது ஏன் என்பது எமக்கு இப்பொழுது விளங்குகின்றது. விரல் விட்டதைச் செவி பிடித்துக்கொள்கின்றது.

பரப்பின் மேடுபள்ளத்தைப் பொறியொன்று படிப்பதும் புதுமையன்று. எடிசன் 1877-இல் இயற்றிய ஒலிப்பதிவுக் கருவியும், அதன்பின் வந்த கிராமபோன் தட்டும் யாவை? தட்டிலுள்ள சாலில் ஊசி ஓட, சாலின் நெளிவு ஊசியை அதிர்விக்க, அவ்வதிர்வு பாட்டாகின்றது. அதற்கும் முன்னரே, 1804-ஆம் ஆண்டளவில், லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கினார். துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும், இல்லாத இடத்தில் தடைப்படும். அதற்கேற்பப் பாவிழை எழுந்தும் தாழ்ந்தும் பூ வேலை அமையும். காஞ்சித் தறிகளின் தலைமேல் அடுக்கடுக்காக அட்டை தொங்குவதைக் கண்டவர் பலர். அவ்வட்டையைப் பின்பற்றியே சார்லஸ் பாபேஜ் தாம் கருதிய கணக்கிடு பொறிக்கு ஏவல் கொடுக்க எண்ணினார் என்பதை அறிந்தவர் சிலர். பாபேஜின் பொறி முற்றுப்பெறவில்லை. எனினும் 1890-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கில் ஹாலரித் துளையட்டைகளைப் பயன்படுத்தி எண்ணினார். பிற்காலக் கணிப்பொறிகளும் நெடுநாள் அட்டையையே உண்டு வாழ்ந்தன. தறியினின்று கடன் வாங்கிய கணிப்பொறி இன்று தறியில் உழைத்த விரலை அறியேன் என்பது, சிறிது நன்றியின்மையாகவே எமக்குத் தோன்றுகின்றது.

இனிக் கீறலுக்கு வருவோம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிறிஸ் ஹாரிசன், ஸ்காட் ஹட்சன் என்னும் இருவர், 2008-ஆம் ஆண்டில் கீறலையே கட்டளையாகக் கொள்ளும் முறையொன்றை வெளியிட்டனர். அவர்தம் கருவியின் எளிமை வியக்கத்தக்கது. மருத்துவர் மார்பில் வைத்துக் கேட்கும் ஸ்டெதஸ்கோப்பின் தலையில் சிறியதோர் ஒலிவாங்கியை இணைத்து, அதனை மேசையிலோ சுவரிலோ பொருத்தினர். மேசையின் எப்பகுதியை நகத்தால் கீறினும் அவ்வோசை மரத்தினூடே ஓடிவந்து கருவியை அடையும். காற்றினூடே வரும் ஒலியினும் திடப்பொருளினூடே வரும் ஒலி விரைவும் தெளிவும் உடையதென்பது, தண்டவாளத்தில் காது வைத்துப் பார்த்த சிறார் அனைவரும் அறிந்ததே. மேலும், நகம் கீறும் ஓசையில் நொடிக்கு 3000-க்கு மேற்பட்ட உயரதிர்வுகள் மிகுதி. மக்கள் பேச்சின் அடிப்படைச் சுருதியோ சில நூற்றளவினது. ஆகவே 3000-க்குக் கீழ்ப்பட்டவற்றைச் சல்லடையிட்டு நீக்கிவிட்டால், அறையில் உரையாடல் நிகழினும் கீறல் தனியே நிற்கும்.

நின்ற ஓசையினின்று எழுத்தை அறிவது எவ்வாறு? கோடு நேரே ஓடுங்கால் விரலின் விரைவு மிகும், ஓசையும் பெருகும். மூலையில் திரும்புங்கால் விரைவு குன்றும், ஓசையும் தாழும். ஆகவே ஒவ்வொரு கோட்டிற்கும் ஓசையில் ஒரு மேடு தோன்றும். மேடுகளின் தொகையையும் அளவையும் கொண்டு, எழுதிய வடிவை ஊகிக்கலாம். ஆறுவகைக் குறிகளைப் பலர் கீறிச் சோதித்ததில், நூற்றுக்கு ஏறக்குறைய 90 சரியாக அறியப்பட்டனவாம்.

இதனை எம் விடுதியறையில் யாமும் முயன்று பார்த்தோம். ஸ்டெதஸ்கோப் எம்மிடம் இல்லை. கைபேசியை மேசைமேல் கவிழ்த்துவைத்து, ஒலியைப் பதிவு செய்து, அதன் அலை வடிவை நோக்கினோம். ‘ட’ என்று கீறியபோது இரண்டு மேடுகள் தோன்றின. ‘ப’ என்று கீறியபோது மூன்று. மகிழ்ச்சி தாங்கவில்லை. பின்னர் ‘ஒ’ என்று கீறினோம். மேடும் பள்ளமும் இன்றி நெடியதொரு முழக்கமே கிடைத்தது. நம் எழுத்துக்கள் பல வளைந்து செல்வன. ஓலையில் எழுத்தாணியால் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியுமென்று முன்னோர் வளைத்தெழுதினர் என்பர். ஓலைக்கு இதமாக அமைந்த அவ்வளைவே மேசைக்கு இடராக வந்து நின்றது. மற்றுமொரு குறையையும் கண்டோம். ‘ப’ என்பதை இடப்புறம் தொடங்கி எழுதினும், வலப்புறம் தொடங்கி எழுதினும் மேடு மூன்றே. ஒரே ஒலிவாங்கி ஓசையின் அளவை அறியுமேயன்றித் திசையை அறியாது. இம்முறையால் கட்டுரை எழுதலாம் என்று எவரும் நம்பிவிடவேண்டா. ஒலியைக் கூட்டு, குறை, அழைப்பை ஏற்றுக்கொள், நிறுத்து என்பனபோன்ற சில ஏவல்களுக்கே இது போதும். ஆனால் பெரியவர் வேண்டுவதும் அச்சில ஏவல்தாமே.

அதே 2008-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து மரீ-ஸ்மித் முதலியோர் வேறொரு வழியை மேற்கொண்டனர். உள்ளங்கைக்குள் அடங்கும் கூழாங்கல்லொத்த ஒரு பொருளைச் செய்து, அதன் ஒவ்வொரு பக்கத்தையும் வெவ்வேறு வகைக் கரடாக அமைத்து, உள்ளே அதிர்வு வாங்கியை வைத்தனர். ஸ்காட்லாந்து வழக்கில் கல்லைக் குறிக்கும் ‘ஸ்டேன்’ என்பதே அதன் பெயர். சட்டைப்பையில் கையிட்டபடியே ஒரு பக்கத்தைக் கீறினால் ஓரேவல், மறுபக்கத்தைக் கீறினால் வேறேவல். எப்பக்கம் எது என்று விரலுக்குத் தெரிகின்றது. எப்பக்கம் கீறப்பட்டது என்று பொறிக்கும் தெரிகின்றது. கரடு ஒன்றே இருவர்க்கும் மொழியாகின்றது. கண்ணாடியில் இல்லாதது இதுவே.

ஹாரிசன், ஹட்சன் இருவரும் ரோபர்ட் சியாவோ என்பாருடன் கூடி 2012-இல் வெளியிட்டது இன்னும் நயமுடையது. மரம், கண்ணாடி, கல் முதலிய எதிலாயினும் சில கீற்றுக்களை அளவறிந்த இடைவெளியில் வெட்டிவைப்பர். நகத்தை அவற்றின்மேல் ஓட்டினால் ‘டிக் டிக்’ என்று ஓசைத்தொடர் எழும். நெருங்கிய கீற்று, அகன்ற கீற்று என்னும் வேறுபாட்டால் அத்தொடர் ஓர் எண்ணைக் குறிக்கும். ஒருவர் விரைந்தும் ஒருவர் மெல்லவும் இழுப்பராதலின், முழுத்தொடரின் நீளத்தோடு ஒப்பிட்டு இடைவெளிகளைக் கணக்கிடல் வேண்டும். யாப்பிலக்கணம் கற்பார்க்கு இது எளிதில் விளங்கும். வெண்பாவை விரைந்து பாடினும் நீட்டிப் பாடினும் நேரும் நிரையும் மாறுவதில்லையன்றோ? கீற்று வெட்டிய பொருளுக்கு மின்சாரம் வேண்டா. தேயும்வரை அது பேசும்.

இத்துணை நன்மை கூறிய யாம் ஓர் அச்சத்தையும் மறைத்தலாகாது. தடவியறிதலை நம்பி ஏமாந்த கதையொன்று ஆதியாகமத்தில் உண்டு. கண்ணிருண்ட முதியோன் ஈசாக்கு, தன் முன் நின்ற மகன் யாவனென ஐயுற்று, அவன் கைகளைத் தடவிப் பார்த்தான். வெள்ளாட்டுக்குட்டியின் தோலைப் போர்த்துவந்தவன் யாக்கோபு. குரல் யாக்கோபினது என்று செவி கூறியும், ரோமம் அடர்ந்த கரடு கண்டு விரல் ஏசாவென்று துணிந்தது. ஆசி கைமாறிற்று, அண்ணன் கதறியழுதான். விரலும் செவியும் மாறுபட்டபோது ஈசாக்கு விரலை நம்பினான். கைரேகையை நம்பி எழுந்த பூட்டுக்களும் அவ்வாறு ஏமாறக்கூடும். கண்ணாடியின்மேல் விரல் வழுக்கும்போது எழும் மெல்லிய உராய்வொலியிலிருந்தே ரேகையின் இயல்புகள் சிலவற்றை ஊகித்து, அவற்றுக்கேற்ற பொய்ரேகையைச் சமைத்துப் பூட்டைத் திறக்க முயலலாம் என்று 2024-ஆம் ஆண்டில் சீன, அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டினர். அதற்கு இருபதாண்டு முன்னரே, 2004-இல், அசோனவ் என்பாரும் ரகேஷ் அகர்வால் என்பாரும் தட்டெழுத்துப் பலகையின் ஒவ்வொரு விசையும் சிறிது வேறுபட்டு ஒலிப்பதைக் கொண்டு, தட்டியது எதுவென்று கணிப்பொறியால் அறியலாமென நிறுவினர். விரலின் ஓசையைக் கேட்கப் பொறிக்குக் கற்பிப்போர், வேண்டாத செவிகளும் அதே ஓசையைக் கேட்குமென்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். கைரேகை தேய்ந்த பெரியவர் இவ்வொன்றில் மட்டும் நம்மினும் காப்புடையர் போலும்!

இவ்வச்சம் பற்றி இம்முயற்சியைக் கைவிடலாமோவெனின், ஆகாதென்பதே எம் கருத்து. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-ஆம் ஆண்டு பார்வையற்றோர்க்கெனப் பள்ளி தொடங்கியபோது, அவர் நம்பியதும் விரலையே. புள்ளி எழுந்த தாளில் விரல் ஓடிப் படிக்குமென்று அன்று ஐயுற்றவர் எத்துணையரோ! பிரெயில் எழுத்தில் பரப்பு கூற விரல் கேட்கின்றது. யாம் ஈண்டு விளக்கிய முறையிலோ விரல் கூறப் பொறி கேட்கின்றது. இரண்டும் ஒரே பலகையில் அமையுமாயின், கண்ணின் துணையின்றியே வினாவும் விடையும் நிகழலாம்.

விடுமுறை முடியுமுன் மீண்டும் ஒருநாள் செவிலிமேட்டுக்குச் சென்று, யாம் படித்தவற்றைப் பெரியவரிடம் விரித்துரைத்தோம். தறியின் மரத்தில் இரண்டு மூன்று கீற்று வெட்டிவைத்து, ஒன்றைக் கீறினால் மகளை அழைக்கவும், மற்றொன்றைக் கீறினால் வந்த அழைப்பை ஏற்கவும் கைபேசியைப் பழக்கலாம் என்றோம். பொறுமையாகக் கேட்டவர் ஒன்றே வினவினார்: “நாடா ஓடும்போதும் அதற்குக் காது கேட்குமா, தம்பி?”

யாம் விழித்தோம். நாடா தாவுவதும், பலகை வந்து மோதுவதும், ஜக்கார்டு அட்டை புரள்வதும் எல்லாம் அதே மரத்தில் அதிர்வாகப் பாய்வன. அவ்வோசைகளில் உயரதிர்வும் கலந்திருத்தலின், முற்கூறிய சல்லடை முழுதும் காவாது. தறியின் அடி ஒரு தாளத்தில் வருதலால், தாளத்தோடு வருவதை நீக்கித் தாளத்துக்குப் புறம்பாக வருவதை மட்டும் கொள்ளலாமோ என்று எம் தோழர் ஒருவர் கூறினார். அவர் கணிதம் படிக்கும் நண்பர்களிடம் இதனைக் கேட்டு வருகின்றார். பெரியவரோ எளியதொரு வழி சொன்னார். அமாவாசையன்று தறி ஓடாது. அன்று வந்து ஓய்ந்த தறியில் முதலில் கேட்டுப் பாருங்கள் என்றார். மருத்துவம் பயிலும் தமையனாரிடமிருந்து பழைய ஸ்டெதஸ்கோப் ஒன்றை வாங்கிவர மற்றைத் தோழர் ஒப்பியிருக்கின்றார். படைமரத்தில் கீற்று வெட்டலாகாது, பட்டு மாட்டிக்கொள்ளும் என்று மகனார் முன்னரே எச்சரித்துவிட்டமையால், தறித்தூணில் வெட்டுவதென்று முடிவாயிற்று.